நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. பாப்பா தூங்கினால்தான் என் இரண்டு கையும் எனக்குக் கிடைக்கிறது. அவருக்கு ஆவடியில் காலை ஷிப்ட், அவரும் படுத்துவிட்டார். ஹாலில் விளக்கைப் போட்டால் அறைக்குள் வெளிச்சம் விழும் என்று, அடுப்பு மேடையைத் துடைத்துத் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். உன் அம்மா இதை ஃபோனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். படத்தில் தெரிய வேண்டுமே என்று எழுத்தைப் பெரிதாகப் போடுகிறேன்.

இன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் ஒரு வாடை. காய்ந்த துணியை மடிக்கும்போது பாப்பாவின் வெள்ளைத் துண்டை எடுத்து முகத்தில் வைத்தேன். தினமும் செய்வதுதான். பவுடர் வாசனை வரும். இன்றைக்குக் கருகிய எண்ணெய் வாடை வந்தது. திருமழிசைப் பட்டறைக்குப் போட்டுக்கொண்டு போன சுடிதாரை அவள் துணியோடு சேர்த்து மெஷினில் போட்டிருக்கிறேன். மறுபடி அலசிப் பார்த்தேன், போகவில்லை.

அந்த வாடை உனக்குத் தெரியும். பழுக்கக் காய்ச்சிய இரும்பை எண்ணெய்த் தொட்டியில் இறக்கும்போது புஸ்ஸென்று கிளம்பி முடியில் ஏறிக்கொள்ளுமே, அது. அதோடு நாம் பஸ் ஏறினால் பக்கத்தில் நிற்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். நீ என் காதில், "பஜ்ஜி கடையில வேல பாக்குறோம்னு நெனச்சிப்பாங்க, விடுடீ" என்பாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து முகப்பேர் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்த நாட்கள் உண்டு.

அந்த மாடி ஆபீசில் நாம் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். பட்டறை இயந்திரங்களில் சென்சார் மாட்டி, சூடு, அதிர்வு, அழுத்தம் எல்லாவற்றையும் ஒரு திரைக்குக் கொண்டுவந்து, அளவு தாண்டினால் ஃபோனுக்கு அலாரம் அனுப்புவது கம்பெனியின் வேலை. ஒவ்வொரு இயந்திரத்தையும் ஏதாவது ஒரு வகையில் சேர்க்க வேண்டும். டிவைஸ் டைப். அந்த வகையில் என்ன அளக்க வேண்டும், எந்த அளவுக்கு மேல் போனால் ஆபத்து, அலாரம் யாருக்குப் போக வேண்டும் எல்லாம் எழுதியிருக்கும். மென்பொருளோடு வந்த வகைகளில் மோட்டாரும் பம்பும் கம்ப்ரசரும் சமர்த்தாக இருந்தன. அம்பத்தூரில் இருந்த இயந்திரங்கள்தான் சமர்த்தாக இல்லை. ஒரு இடத்தில் லாரி இன்ஜினை இறக்கி ஜெனரேட்டர் ஆக்கியிருந்தார்கள். இன்னொரு இடத்தில் பழைய பால் தொட்டியில் துரு எடுக்கும் மருந்து. இவற்றுக்கெல்லாம் நாமே புது வகை உருவாக்க வேண்டியிருந்தது. சார் அந்த வேலையை நம் இருவரிடமும் விட்டுவிட்டார்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு வகையும் உருவாக்கக் கூடாது என்று நீதான் ஆரம்பித்தாய். போய் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்போம். அதை ஓட்டுகிறவரிடம் நீ அவர்கள் பாஷையிலேயே கேட்பாய்: "அண்ணே, இதுல இன்னா ஆனா நீங்க பயப்படுவீங்க?" சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று கேட்டால் புத்தகத்தில் இருப்பதைச் சொல்வார்கள், பயத்தைக் கேட்டால்தான் நிஜத்தைச் சொல்வார்கள் என்பாய். வகைக்கு அவர்கள் சொன்ன பெயரையே வைத்தோம். ‘கத்துற மோட்டார்’ என்று ஒரு வகையைத் திரையில் பார்த்துவிட்டு சார் தலையில் கை வைத்தார்.

"இன்னாம்மா பேரு இது? கஸ்டமர் பாத்தா சிரிப்பான்."

"சிரிக்கட்டும் சார். பேரு மறக்காதுல்ல" என்றாய் நீ.

திருமழிசையில் எண்ணெய்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் தேசிங்கு அண்ணனிடம் நீ அந்தக் கேள்வியைக் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு தொட்டியை ஒரு சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இது எங்க பெரிம்மா மாதிரிம்மா. கோவம் மெதுவாத்தான் ஏறும். ஏறிச்சின்னு வெச்சிக்கோ, எவனும் கிட்ட நிக்க முடியாது."

"எவ்ளோ ஏறினா கிட்ட நிக்க முடியாது?"

"எம்பது டிகிரி தாண்டிச்சுன்னா பீடிய அணச்சிடுவேன். தொண்ணூறு தாண்டிச்சுன்னா எங்கப்பன் பேரு மறந்துபூடும்."

"அப்ப உங்கப்பா பேரு மறக்கறதுக்கு முன்னாடி அலாரம் அடிக்கிற மாதிரி வெக்கறோம்" என்றாய். பட்டறையே சிரித்தது. அப்படித்தான் எண்பத்தைந்து வைத்தோம். வகையின் பெயர் ‘பெரியம்மா’.

பட்டரவாக்கத்தில் இன்னொரு பட்டறையிலும் அதே மாதிரித் தொட்டி இருந்ததால் அதையும் அந்த வகையில் சேர்த்தோம். இது தெரிந்ததும் தேசிங்கு அண்ணன், "அந்த தொட்டிக்கு ஒத்து வரலன்னா இன்னா பண்ணுவீங்க, எங்குளுதயும் மாத்திடுவீங்களா?" என்று கேட்டார். நீ சொன்ன பதிலை அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் நான் என்னுடையதுபோலச் சொல்லியிருக்கிறேன். "டைப்புங்கறது ஸ்கூல் யூனிஃபார்ம் அளவு மாதிரிண்ணே. ஒரு புள்ளைக்கு இறுக்குதுன்னு அளவையே பெரிசாக்கினா மொத்த கிளாஸும் தொளதொளன்னு நிக்கும். அந்த ஒரு புள்ளைக்கு மட்டும்தான் பிரிச்சுத் தைக்கணும்."

இதைச் சொன்னது நீ. நான் இல்லை. அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

வகைகளை மாற்றுகிற உரிமை உள்ள லாகின் கம்பெனியில் ஒன்றுதான் இருந்தது. என் பெயர் முதலில் வந்ததால் அதை என் பெயரில் எடுத்தார்கள். பாஸ்வேர்டில் முதல் பாதி நீ வைத்தது, மீதி நான் வைத்தது. ஒரு டப்பாவில் இருந்து இருவரும் சாப்பிடுவதுபோல அதையும் இருவரும் வைத்துக்கொண்டோம். யார் மாற்றினாலும் என் பெயரில்தான் பதிவாகும் என்பது எனக்கு அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை. நீ மாற்றினால் என்ன, நான் மாற்றினால் என்ன?

எனக்கு ஏழாம் மாதம் நடந்தபோது, வேலை இல்லாத ஒரு மத்தியானம், சோதனைக்காக வைத்திருந்த பக்கத்தில் நீ ‘பாப்பா’ என்று ஒரு வகை உருவாக்கினாய். பால், தூக்கம், அழுகை. "அழுகைக்கு லிமிட் எவ்ளோ வைக்கட்டும்?" என்று என்னைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், "உன்ன மாதிரி பயந்தாங்கொள்ளிக்கு பூஜ்யமே வைக்கணும்" என்றாய். அலாரம் யாருக்குப் போக வேண்டும் என்ற இடத்தில் முதலில் என் எண்ணையும் இரண்டாவதாக உன் எண்ணையும் போட்டாய். நாம் உருவாக்கிய எல்லா வகையிலும் அப்படித்தானே. முதலில் நான், நான் எடுக்கவில்லை என்றால் நீ.

நான் பயந்தாங்கொள்ளிதான். பாப்பா பிறந்த பிறகு அது இன்னும் அதிகமாயிற்று. அவள் தூங்கினால் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். தூங்காவிட்டால் ஏன் தூங்கவில்லை என்று பார்ப்பேன். நீ இதையெல்லாம் முகப்பேர் வீட்டுக்கு வந்து நேரில் பார்த்தாய். நான் தூக்கமில்லாமல் தடுமாறி, பால் பவுடர் டப்பாவை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடியதைப் பார்த்துச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நீ பத்திரமாக எடுத்து வைத்திருந்து பிறகு ஒரு நாள் பயன்படுத்துவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்.

அவளுக்கு முதல் தடுப்பூசி போட்டு காய்ச்சல் வந்த அன்று நீ ஃபோன் பண்ணினாய். பாப்பா என் மார்மேல் கிடந்தாள். ஒரு கையில் தெர்மாமீட்டர். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில்மேல் வைத்திருந்தேன்.

"பட்டரவாக்கத்து சூப்பர்வைசர் உயிர வாங்குறாருடீ. இரும்ப எறக்கும்போதெல்லாம் ரெண்டு நிமிஷம் சூடு எகிறுதாம், ஒவ்வொரு தடவையும் அலாரம் அடிக்குதாம். கொஞ்சம் ஏத்தி வுட்டுடட்டா?"

"அந்தத் தொட்டிக்கு மட்டும் தனியா ஏத்துடீ. டைப்புல கை வைக்காத."

"எனக்கே கிளாஸ் எடுக்கிறியா? தெரியும். நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்."

அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாரம் முழுக்க யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. நான் உண்மையிலேயே தூங்கினேன். பாப்பாவும் நானும் சாயங்காலம்வரை தூங்கினோம். பிரசவத்துக்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கியது அந்த ஒரு மத்தியானம்தான்.

நீ டைப்பிலேயே கை வைத்தாய். எண்பத்தைந்தை நூற்றுப் பத்து ஆக்கினாய். பட்டரவாக்கத்துத் தொட்டி அமைதியானது. திருமழிசைத் தொட்டியும் அதே வகைதானே, அதற்கும் நூற்றுப் பத்து ஆயிற்று. அவசரத்தில் செய்தாயோ, ஒரே இடத்தில் மாற்றிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று செய்தாயோ. அது எனக்குத் தெரியாது. அதற்காக உன்மேல் எனக்குக் கோபமும் இல்லை. அந்தத் தப்பை நம்மில் யார் வேண்டுமானாலும் செய்திருக்க முடியும்.

சில வாரம் கழித்து திருமழிசையில் எண்ணெயைக் குளிர வைக்கும் பம்ப் நின்றுவிட்டது. எண்ணெயின் சூடு எண்பத்தைந்தைத் தாண்டியும், நூற்றுப் பத்தை எட்டாததால் யாருடைய ஃபோனும் அடிக்கவில்லை. தேசிங்கு அண்ணன் வழக்கம்போல அடுத்த இரும்பை இறக்கினார். தொட்டி பற்றிக்கொண்டது. அவருடைய வலது கை முழங்கைவரை வெந்துபோயிற்று.

லீவு முடிந்து நான் ஆபீசுக்குத் திரும்பியபோது உன் நாற்காலி காலியாக இருந்தது. சார் கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார். திரையைத் திருப்பிக் காட்டினார். மாற்றியவர் என்ற இடத்தில் என் பெயர். நான் வீட்டில் லீவில் இருந்தேனே சார் என்றேன். ஆபீஸ் லேப்டாப் உன் வீட்டில்தானேம்மா இருந்தது என்றார். அலமாரி மேல் இருந்தது உண்மைதான். நீ அவரிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். அவர் ரொம்பக் கனிவாகத்தான் சொன்னார்.

"அவ உன்ன விட்டே குடுக்கலம்மா. ‘பாவம் சார், கைக்குழந்தையோட தூக்கமே இல்லாம இருந்தா, அவளுக்கே தெரியாம மாத்தியிருப்பா, அவள ஒண்ணும் சொல்லாதீங்க’ன்னு உனக்காகத்தான் பேசினா. அந்த பால் பவுடர் கதகூட சொன்னா."

நான் செய்தேன் என்று நீ நேராகக் கை காட்டியிருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன். நீ பாவம் என்று சொன்னாய். அதை எப்படி மறுப்பது? நான் இல்லை என்று சொல்லச் சொல்ல, பாவம், இவளுக்கு ஞாபகமே இல்லை என்றுதான் பார்க்கிறார்கள். நான் தாய் ஆனது உனக்கு ஒரு வசதியாகப் போயிற்று. தூங்காத தாய் செய்தாள் என்றால் ஊரே நம்பிவிடும் என்று உனக்குத் தெரிந்திருந்தது.

அதைவிட மோசமான ஒன்றைச் சொல்கிறேன். நானே நம்பிவிட்டேன். ஒரு வாரம்போல, நான்தான் மாற்றினேனோ என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். டப்பாவை ஃப்ரிட்ஜில் வைத்த கைதானே இது. பாப்பாவைக் குளிப்பாட்டும்போது தண்ணீரின் சூட்டைக் கையால் பார்த்துவிட்டு, என் கையை நம்பாமல் மாமியாரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். குளிக்க ஊற்றும் வெந்நீருக்குக்கூட இரண்டாவது ஆள் வேண்டியிருந்தது. பிறகு ஒரு நாள் தெர்மாமீட்டரைக் கையில் எடுத்தபோதுதான் அந்த மத்தியானம் அப்படியே திரும்பி வந்தது. ஸ்பீக்கரில் உன் குரல். ‘டைப்புல கை வைக்காத’ என்று நான் சொன்னது. ‘தெரியும்’ என்று நீ சொன்னது. தரையில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை. எனக்குப் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்ற நிம்மதியில்.

அதற்குப் பிறகு உன் எண்ணுக்கு எத்தனையோ முறை அடித்துவிட்டேன். உபயோகத்தில் இல்லை என்கிறது.

நேற்று திருமழிசைக்குப் போனேன். தேசிங்கு அண்ணன் வேலைக்கு வரவில்லை என்றாலும் பட்டறை வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறாராம். வீட்டில் இருக்க முடியவில்லையாம். கட்டுப் போட்ட கையை மடியில் குழந்தையைப்போல வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாம்மா. இன்னா, உங்க அலாரம் அன்னிக்கி தூங்கிபூட்ச்சா?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உன் கூட ஒண்ணு வருமே, எப்பவும் சிரிச்சிகினே, அது எங்க? ஆஸ்பத்திரிக்குக்கூட வர்ல. அதுதான மொதல்ல வரும்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார்.

"வேலைய விட்டுட்டாண்ணே" என்றேன். அதற்குமேல் அவரிடம் உன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். கிளம்பும் முன் தொட்டியை மறுபடி எண்பத்தைந்துக்குக் கொண்டுவந்து, அவரையே பக்கத்தில் நிற்க வைத்து, அலாரம் அடிக்கிறதா என்று காட்டினேன். அவர் இடது கையால் என் ஃபோனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார்.

அங்கிருந்து நேராகத் திருநின்றவூருக்கு, உன் வீட்டுக்குத்தான் போனேன். உன் அம்மாதான் கதவைத் திறந்தார்கள். "வா, கொயந்த எப்டி கீது?" என்று காபி போட உள்ளே போய்விட்டார்கள்.

"அவ பூனா போயிட்டாம்மா, புருசன்கூட. நல்லாத்தான் கீறா."

"நம்பர் குடுங்கம்மா."

"நம்பரு மாத்திட்டா. யாருக்கும் குடுக்காதன்னு சொல்லிக்கீறா."

"யாருக்கும்னா, எனக்குமா?"

உன் அம்மா டம்ளரை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். "உன் பேர சொல்லித்தாம்மா குடுக்காதன்னா."

அந்தக் காபியைக் குடித்தேன். அம்மா பாவம், அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ரயில்வே கேட்வரை என்கூட நடந்து வந்தார்கள். "எதுனா எழுதிக் குடும்மா, படம் புட்ச்சு அனுப்பி வுடறேன். நா படிக்க மாட்டேன்" என்றார்கள். படித்தாலும் பரவாயில்லை. நாளைக்குக் காலையில் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

விஷயம் இதுதான். திங்கள்கிழமை அந்தப் பட்டறை முதலாளிக்கு நம் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். ‘அசதியில் தவறுதலாக மாற்றிவிட்டேன்’ என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார் சார். போட்டால் வேலை போகாது. ஆனால் இனி எந்த வகையையும் நான் தொடக் கூடாது, கஸ்டமர் ஃபோன் எடுக்கும் மேஜையில் உட்கார வேண்டும். வீட்டில் அவர், "போட்டுத் தொலச்சிட்டு வா, உன்ன தூக்குலயா போடப் போறாங்க?" என்கிறார். அவருக்கு நான் நிம்மதியாக இருந்தால் போதும். ஆனால் நான் கையெழுத்துப் போட்டால், என் கையை நான் இனி எப்போதும் நம்ப மாட்டேன். பாப்பாவுக்கு வெந்நீர் விளாவும்போதுகூட. அது அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. அந்த மத்தியானம் ஃபோனில் நாம் பேசியதை அப்படியே எழுதிக் கொடுக்கப் போகிறேன், உன் பெயரோடு. சாட்சி யாரும் இல்லை, மார்மேல் கிடந்த பாப்பாவைத் தவிர. நம்புவார்களா என்று தெரியாது. உன் பெயரை எழுதும் முன் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நீ எனக்கு அந்த மரியாதையைச் செய்யவில்லை. அதனாலேயே நான் செய்ய வேண்டும் என்று இருக்கிறது.

எல்லா வகையிலும் அலாரம் போகும் இடத்தில் உன் எண்ணை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டுவிட்டேன். அடித்தால் எடுக்காத எண்ணை இயந்திரத்துக்குக் கொடுத்து வைக்க முடியாது. சோதனைப் பக்கத்தில் அந்த ‘பாப்பா’ வகை இன்னும் இருக்கிறது. அதில் மட்டும் கை வைக்கவில்லை. வைக்க மனம் வரவில்லை.

புதுப் பட்டறைக்குப் போனால் இப்போதும் நான் உன் கேள்வியைத்தான் கேட்கிறேன். போன வாரம் குத்தம்பாக்கம் பக்கம் ஒரு இடத்தில், இன்னா ஆனா பயப்படுவீங்கண்ணே என்று கேட்டேன். குரல்கூட உன் குரல் மாதிரியே வந்தது. அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் என்னையே நான் கேட்டுப் பார்த்தேன். எனக்கு இப்போது பதில் தெரியும். யாராவது அன்பாக, நீ தூங்கு, நான் பாத்துக்கறேன் என்று சொன்னால் பயப்படுவேன். இது நீ எனக்கு வைத்துவிட்டுப் போன அளவு. இதை எப்படி மாற்றுவது என்று தெரியவில்லை.

பாப்பா புரண்டு படுக்கிற சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன்.

அந்த மாற்றத்தைச் செய்தது நீ என்று சாருக்கு ஒரு வரி எழுதினால் போதும். மன்னிப்பு எதுவும் வேண்டாம். திங்கள்கிழமைக்குள் பதில் போடு.